ஸெல் அம் ஸே ஏரி நகரம்: முஸ்லிம் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆஸ்திரியாவின் சால்ஸ்புர்க் மாநிலத்தில், ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே, ஏரிக்கரையில் இருக்கும் சிறிய ஊர் ஸெல் அம் ஸே. வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலரும், அரபிக் குடும்பங்கள் கோடையில் அங்கே போவதைப் பார்த்துவிட்டு, "நாமும் போகலாமா? சாப்பாடு, தொழுகையெல்லாம் எப்படி?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

இது எப்படிப்பட்ட ஊர்? முஸ்லிம்கள் ஏன் இவ்வளவு பேர் போகிறார்கள்?

கடல் மட்டத்திலிருந்து சுமார் 750 மீட்டர் உயரத்தில் ஏரி இருக்கிறது. நீளம் நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஆழம் சுமார் 70 மீட்டர். ஊர் ஏரியின் மேற்குக் கரையில். ஊருக்குப் பின்னால் 1,965 மீட்டர் உயர ஷ்மிட்டன்ஹோஹே மலை. தெற்கே பார்த்தால் கோடையிலும் பனி படிந்திருக்கும் 3,203 மீட்டர் கிட்ஸ்ஸ்டைன்ஹார்ன். ஏரியும் பச்சை மலையும் பனிச்சிகரமும் ஒரே பார்வையில் விழும் ஊர் அது.

வெளியே கால் வைக்க முடியாத வெயிலில் இருந்து வருபவர்களுக்கு அங்கே மழை பெய்வதே பெரிய விஷயம். தூறல் விழுந்தால் உள்ளூர்க்காரர்கள் காபிக் கடைக்குள் ஒதுங்குவார்கள். வளைகுடாக் குடும்பங்கள் குழந்தைகளோடு வெளியே வந்து நனைவார்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஏரிக்கரையில் அரபிப் பேச்சு சகஜமாகக் காதில் விழும். பல இடங்களில் அரபியில் மெனு உண்டு. அதனால் ஹிஜாபோடு ஒரு குடும்பம் நடந்து போனால் யாரும் நின்று பார்ப்பதில்லை.

ஆனால் ஒன்றைத் தெளிவாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இது கத்தோலிக்க ஆஸ்திரிய ஊர். பன்றி இறைச்சியும் பீரும் அவர்களுடைய அன்றாடச் சாப்பாடு. முஸ்லிம்களுக்கு வசதியான ஊர் என்றால், நம்மைப் பார்த்துப் பழகிய ஊர் என்றுதான் அர்த்தம். மீதி ஏற்பாட்டை நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

எந்த மாதம் போனால் நல்லது?

என்னைக் கேட்டால் ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை. கூட்டம் குறைந்திருக்கும், பகலில் இதமான வெயில் இருக்கும். எல்லாவற்றையும் விட, தொழுகை நேரங்கள் மனுஷன் தூங்கி எழுவதற்கு ஏற்றபடி இருக்கும். அது ஏன் என்று அடுத்த கேள்வியில் பார்ப்போம்.

ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை 2026 முதல் 2028 வரை மே மாதத்தில் விழுகிறது. மே தொடக்கம் அங்கே இரண்டு சீசனுக்கும் நடுவிலான நேரம். பனிச்சறுக்குக் காலம் முடிந்து, கோடை தொடங்கும் முன், பல ஹோட்டல்கள் மூடியிருக்கும். பல கேபிள் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்தியிருப்பார்கள். பெருநாள் லீவில்தான் போக முடியும் என்றால், எது திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

கோடையில் இஷா நள்ளிரவில் வருகிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறைவது இரவு 9.10 வாக்கில். வானத்தின் வெளிச்சம் போவதற்கு இன்னும் நெடுநேரம் ஆகும். 18 பாகைக் கணக்கு, அதாவது சூரியன் அடிவானத்துக்கு 18 பாகை கீழே போனால்தான் இஷா என்ற கணக்கு வைத்தால், இஷா நள்ளிரவு 12.10-ஐ ஒட்டி வரும். சுபுஹு வக்து 2.10 வாக்கிலேயே தொடங்கிவிடும். 15 பாகைக் கணக்கில் இஷா 11.20, சுபுஹு 3 மணி. அதாவது ஃபோனில் இருக்கும் ஆப்பில் கணக்கு முறையை மாற்றினாலே ஏறக்குறைய ஒரு மணி நேரம் வித்தியாசம் வரும். குடும்பத்தில் ஆளுக்கு ஒரு ஆப் வைத்துக்கொண்டு குழம்பாமல், போகும் முன்பே உங்கள் ஆலிமிடம் கேட்டு ஒரே கணக்கை எல்லாருடைய ஃபோனிலும் வைத்துவிடுங்கள்.

"பயணத்தில்தானே இருக்கிறோம், சேர்த்துத் தொழுதுகொள்ளலாமே" என்று உடனே தோன்றும். இங்கேதான் மத்ஹப் விஷயம் வருகிறது. ஷாஃபி மத்ஹபில் பயணிக்கு மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழும் சலுகை உண்டு. ஆனால் ஓர் ஊரில், போய்ச் சேரும் நாளும் கிளம்பும் நாளும் போக நாலு நாள் அல்லது அதற்கு மேல் தங்குவதாக நிய்யத் வைத்துவிட்டால், அந்த ஊருக்குள் நுழைந்ததுமே சலுகை முடிந்துவிடும். ஹனஃபி மத்ஹபில் பதினைந்து நாளுக்குக் குறைவாகத் தங்கினால் கஸ்ராகச் சுருக்கித் தொழ வேண்டும். ஆனால் இரண்டு வக்தைச் சேர்த்துத் தொழும் வழக்கம் அதில் இல்லை. ஆகவே ஒரு வாரம் ஒரே ஊரில் தங்கப் போகிற குடும்பம் ஷாஃபி வழியிலான காயல்பட்டினமாக இருந்தாலும் சரி, ஹனஃபி வழியிலான வேலூராக இருந்தாலும் சரி, ஜூனில் இஷாவுக்கு விழித்திருக்கத்தான் வேண்டும். சிறு பிள்ளைகளையும் வயதானவர்களையும் வைத்துக்கொண்டு அது லேசான காரியம் இல்லை. ஐரோப்பிய ஆலிம்கள் இதற்குச் சில தளர்வுகளைச் சொல்லியிருக்கிறார்கள். அதை உங்களுக்கு எடுத்துக்கொள்ளலாமா என்பதை உங்கள் ஆலிம்தான் சொல்ல வேண்டும்.

இதே ஊரில் செப்டம்பர் நடுவில் மஃரிப் 7.20 வாக்கில், இஷா 9.10 வாக்கில், சுபுஹு 5 மணி. நம் ஊரை விடக் கொஞ்சம் தள்ளி, அவ்வளவுதான். நான் செப்டம்பர் என்று சொல்வது இதனால்தான்.

மலை மறைப்பதால் சூரியன் சீக்கிரமே மறைந்துவிடுமே, அப்போது மஃரிப் தொழலாமா?

கூடாது. ஊருக்கு மேற்கே மலை இருப்பதால் சூரியன் அதன் பின்னால் முன்னதாகவே போய்விடும். ஆனால் எதிர்க்கரை மலையில் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அட்டவணை நேரத்தையே பின்பற்றுங்கள். நோன்பு வைத்திருப்பவர்கள் இதில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும்.

கிப்லா எந்தப் பக்கம்?

தென்கிழக்கு, வடக்கிலிருந்து சுமார் 131 பாகை. மேற்கு என்று பழகியவர்களுக்கு முதல் நாள் தடுமாறும். ஊருக்குள் இருந்தால் எளிய அடையாளம்: ஏரி கிழக்கே இருக்கிறது, ஏரியைப் பார்த்து நின்று, கொஞ்சம் வலப்பக்கமாக, ஏரியின் தென்கோடியை நோக்கித் திரும்பினால் ஏறக்குறைய சரியாக இருக்கும்.

ஜும்ஆவுக்குப் பள்ளிவாசல் இருக்கிறதா?

சால்ஸ்புர்க் நகரத்தில் துருக்கியர்களும் பொஸ்னியர்களும் நடத்தும் பள்ளிகள் இருக்கின்றன. மினாரா தேடாதீர்கள். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கட்டடம் போலத்தான் இருக்கும், பாங்கும் வெளியே கேட்காது. ஸெல் அம் ஸே இருக்கும் பின்ஸ்காவ் பகுதியிலும் துருக்கியக் குடும்பங்கள் வாழ்கின்றன. கெபாப் கடையில் ஸலாம் சொல்லிக் கேட்டால் அருகில் எங்கே ஜமாஅத் நடக்கிறது என்று சொல்வார்கள்.

ஆஸ்திரியாவில் இஸ்லாம் நேற்று வந்ததில்லை. பொஸ்னியாவை 1908-இல் தன்னோடு இணைத்துக்கொண்ட பிறகு, 1912-லேயே இஸ்லாத்துக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்த நாடு அது. மேற்கு ஐரோப்பாவில் மற்றவர்கள் இதைப் பற்றி யோசிக்கத் தொடங்கியது வெகுகாலம் கழித்துத்தான். 2015-இல் அந்தச் சட்டத்தை மாற்றிப் புதிதாக எழுதினார்கள்.

மலையில், ஏரிக்கரையில் வெட்டவெளியில் தொழலாமா?

தொழலாம். நடைபாதையை மறிக்காமல் ஓர் ஓரமாக விரித்துக்கொள்ளுங்கள், யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். ஒரு விஷயம் மட்டும்: உயரமாகப் புல் வளர்ந்த சமவெளியைப் பார்த்ததும் அங்கே போய் முசல்லாவை விரிக்காதீர்கள், பாய் போட்டு உட்கார்ந்து சாப்பிடவும் வேண்டாம். அது விவசாயி வெட்டிக் காயவைக்கும் தீவனப் புல். குளிர்காலம் முழுக்க மாட்டுக்கு அதுதான் தீனி. அதை மிதித்தால் நம் வயலில் யாரோ இறங்கி நடந்த மாதிரி அவர்களுக்கு வலிக்கும். கன்றோடு மேயும் பசுக்களின் அருகிலும் போக வேண்டாம். பார்க்கச் சாதுவாக இருந்தாலும் முட்டித் தள்ளிவிடும்.

ஒளு, கழிப்பறை வசதி எப்படி?

இதைத்தான் பெண்கள் முதலில் கேட்கிறார்கள், சரியான கேள்வி. பெரும்பாலான இடங்களில் கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் கிடையாது, காகிதம்தான். வளைகுடா விருந்தினர்களுக்காகச் சில ஹோட்டல்கள் கைக்குழாய் வைத்திருக்கின்றன; முன்பதிவு செய்யும்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வெளியே போகும்போது அமுக்கினால் தண்ணீர் பீய்ச்சும் சின்ன பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று கைப்பையில் இருக்கட்டும்.

குளியலறைத் தரையில் தண்ணீர் போக வழி இருக்காது. குளிக்கும் தட்டுக்கு வெளியே சிந்தினால் அப்படியே தேங்கி, மரத்தரைக்கும் போய்விடும். கால் கழுவ அந்தத் தட்டுக்குள் ஏறி நின்றுவிடுங்கள். கீழே ஒரு துண்டு போட்டுக்கொள்வது நல்லது.

மலை உச்சியில் குளிர் தாங்காமல் காலைக் கழுவ முடியாதவர்கள், ஒளுவோடு அணிந்த தோல் உறையின் மீது மஸ்ஹு (ஈரக் கையால் தடவுதல்) செய்யலாம்: பயணிக்கு மூன்று பகல் மூன்று இரவு, ஊரில் தங்கியவருக்கு ஒரு நாள். சாதாரணப் பருத்திச் சாக்ஸ் மீது செய்வது நம் இரண்டு மத்ஹபிலும் கூடாது.

ஹலால் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும். ஆஸ்திரியச் சட்டப்படி, அறுத்த உடனே விலங்கை மயக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மார்க்க முறையிலான அறுப்புக்கு அனுமதி உண்டு. அதனால் நாட்டுக்குள்ளேயே ஹலால் இறைச்சி வருகிறது. சீசனில் ஊருக்குள் துருக்கிய, அரபிச் சாப்பாடு கிடைக்கும். ஆனாலும் "ஹலால்" என்று பலகை இருப்பதோடு விடாமல், கோழி மட்டுமா, எல்லா இறைச்சியுமா, அதே எண்ணெயில் பன்றி பொரிக்கிறார்களா, மது விற்கிறார்களா என்று கேளுங்கள். கேட்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஒவ்வாமை இருப்பவர்கள் நுணுக்கி நுணுக்கிக் கேட்பது அங்கே தினசரி வழக்கம்.

உள்ளூர் ஆஸ்திரிய உணவகத்தில் உட்கார வேண்டிய நேரமும் வரும், குறிப்பாக மலை மேல். அப்போது எதில் கவனம் வேண்டும்?

ஷ்னிட்ஸெல் என்பது ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த இறைச்சி. அசல் வியன்னா வகை கன்றுக்குட்டி இறைச்சி, மலிவாக இருப்பது பெரும்பாலும் பன்றி. இரண்டுமே ஹலால் அறுப்பாக இருக்காது. ஷ்வைன் என்றால் பன்றி, ஷ்பெக் என்றால் பதப்படுத்திய பன்றிக் கொழுப்பிறைச்சி, ஷ்மால்ஸ் என்றால் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு. இந்த மூன்று சொல்லும் மெனுவில் எங்கே வந்தாலும் தாண்டிப் போங்கள். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் அடியில் மாட்டெலும்புச் சாறு இருக்கலாம்.

அந்தப் பகுதிக்கே உரியது காஸ்னோக்கன். மாவுருண்டையும் பாலாடைக்கட்டியும் சேர்த்து, இரும்பு வாணலியோடு மேசைக்கு வரும். மேலே பொன்னிறமாக வறுத்த வெங்காயம். ஓரத்தில் பிடித்திருக்கும் முறுகலைச் சுரண்டிச் சாப்பிடத்தான் பிள்ளைகள் சண்டை போடுவார்கள். ஷ்பெக் போடாமல் தரச் சொல்லுங்கள். பாலாடைக்கட்டியை உறைய வைக்கும் ரென்னட் (கன்றின் இரைப்பையிலிருந்தும் எடுப்பார்கள்) பற்றிக் கவலைப்படுபவர்கள் அதையும் விசாரித்துக்கொள்ளலாம். இனிப்பில் கைஸர்ஷ்மாரன் என்ற பிய்த்துப் போட்ட பான்கேக் அருமையாக இருக்கும்; ஆனால் திராட்சையை ரம்மில் ஊற வைப்பது அவர்கள் வழக்கம். ஆப்பிள் ஸ்ட்ரூடலிலும் அப்படியே. "ரம் வேண்டாம், திராட்சை வேண்டாம்" என்று சொல்லி வாங்குங்கள்.

மீன் பெரிய நிம்மதி. ட்ரவுட், அதன் இனமான ஸைப்லிங் இரண்டும் அந்த மலை நீரில் வாழ்பவை, முழுசாகப் பொரித்து உருளைக்கிழங்கோடு தருவார்கள். வைன் ஊற்றாமல் வெண்ணெயில் பொரிக்கச் சொன்னால் போதும்.

சூப்பர்மார்க்கெட்டில் தயிர், மிட்டாய் வாங்கும்போது ஜெலட்டின் என்ற சொல்லைப் பாருங்கள், பெரும்பாலும் பன்றியிலிருந்து எடுத்ததாகவே இருக்கும்.

வீட்டிலிருந்து சாப்பாட்டுச் சாமான் கொண்டு போகலாமா?

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சி, பால் பொருள் எதையும் பெட்டியில் கொண்டு போகக் கூடாது. நெய், பால்கோவா, கறி ஊறுகாய், உப்புக்கண்டம் எல்லாம் இதில் அடங்கும். பிடித்தால் குப்பைக்குப் போகும், அபராதமும் வரலாம். பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம், செடி கொடி வகைகளுக்குச் சான்றிதழ் கேட்பார்கள். பேரீச்சம்பழத்துக்கும் தேங்காய்க்கும் அந்தச் சான்றிதழ் தேவையில்லை. மசாலாத்தூள், அரிசி, பருப்பு, காய்ந்த மிளகாய் பிரச்சினை இல்லை. மீனுக்குத் தனி விதி: சொந்த உபயோகத்துக்கு அனுமதி உண்டு, ஆகவே மாசிக் கருவாடு கொண்டு போகலாம். நன்றாக மூடிக் கட்டுங்கள், பெட்டி முழுக்க வாடை ஏறிவிடும்.

ஹோட்டலா, அபார்ட்மென்டா?

அபார்ட்மென்ட், யோசிக்கவே வேண்டாம். ஃபெரியன்வோனுங் என்று அங்கே சொல்வார்கள்: அடுப்பு, பாத்திரம், குளிர்ப்பெட்டியோடு வாடகைக்கு விடும் விடுமுறை வீடு. துருக்கியக் கடையில் ஹலால் கோழி வாங்கி ஒரு வேளை சமைத்துவிட்டால், மற்ற நேரத்தை ரொட்டி, முட்டை, பழத்தில் ஓட்டிவிடலாம். இரவு இஷாவுக்கு விழித்திருந்தாலும் காலையில் ஹோட்டல் பஃபே மூடிவிடுமே என்று அடித்துப் பிடித்து ஓட வேண்டியதில்லை. தாளித்தால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகை உணரும் கருவி அலறிவிடும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

முன்பதிவின்போது இன்னொன்று கேளுங்கள்: கோடை அட்டை தருகிறார்களா என்று. திட்டத்தில் சேர்ந்த தங்குமிடங்களில் இரவு தங்குபவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும். கேபிள் கார், ஏரிப் படகு, நீச்சல் கரை என்று பலவற்றுக்கும் செல்லும். நாலு பேர் குடும்பத்துக்கு இது பெரிய மிச்சம்.

ஹிஜாப், நிகாப் பற்றிச் சட்டம் என்ன?

சுற்றுலா வருபவர்களுக்கு ஹிஜாப், அபாயா எதற்கும் தடையில்லை. முகத்தை மூடுவதற்குத்தான் தடை. 2017 அக்டோபர் 1 முதல் பொது இடத்தில் முகம் மூடினால் 150 யூரோ வரை அபராதம் விதிக்கலாம். சுற்றுலாப் பயணிக்கும் இது பொருந்தும். கடும் குளிர், மருத்துவக் காரணம் போன்ற விலக்குகள் உண்டு. நிகாப் அணியும் சகோதரிகள் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். விமான நிலையத்தில் இறங்கிய பிறகு தெரியவந்தால் பயணம் முழுக்கக் கசந்துவிடும். எனக்கு இந்தச் சட்டத்தில் உடன்பாடு இல்லை. ஒரு பெண் தன் முகத்தை என்ன செய்வது என்பது அவளுடைய விஷயம். ஆனாலும் போகிற நாட்டின் சட்டம் அதுதான்.

கை குலுக்க யாராவது கை நீட்டினால், நெஞ்சில் கை வைத்துச் சிரித்துத் தலையசைத்தால் போதும்.

ஏரியில் குளிக்கலாமா? ஸ்பா எப்படி?

தண்ணீர் சுத்தமாக இருக்கும். கடந்த நூற்றாண்டின் நடுவில் கழிவுநீர் கலந்து பாசி பிடித்துக் கெட்டிருந்த ஏரி அது. சுற்றிலும் கழிவுநீர்க் குழாய் போட்டு மீட்டெடுத்தார்கள். நீச்சல் கரைகள் ஆண் பெண் கலந்தவை, அங்கே உடுத்தும் உடை நம் கண்ணுக்குப் பழகாதது. தனிமை வேண்டும் என்றால் படகு வாடகைக்கு எடுத்துக்கொண்டு நடு ஏரிக்குப் போங்கள். அல்லது ஏரியைச் சுற்றிப் போகும் பாதையில் காலை வெயில் ஏறும் முன் நடந்துவிட்டு வாருங்கள்.

ஸ்பா என்ற சொல்லைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ஆஸ்திரியாவில் ஸானா பகுதி என்றால் ஆணும் பெண்ணும் கலந்து, ஆடையில்லாமல்தான். அதுதான் அங்கே விதி. பிள்ளைகளோடு போய்த் தெரியாமல் அந்தக் கதவைத் திறந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

கட்டாயம் பார்க்க வேண்டிய இடங்கள்?

கிட்ஸ்ஸ்டைன்ஹார்ன்: பக்கத்து ஊரான காப்ருனிலிருந்து கேபிள் காரில் 3,029 மீட்டர் பார்வை மேடை வரை ஏறலாம், கோடையிலும் பனியைத் தொடலாம். ஜாக்கெட், மூடிய ஷூ இல்லாமல் போகாதீர்கள். இதய நோய் உள்ளவர்களும் கைக்குழந்தைகளும் கீழேயே இருப்பது நல்லது. அந்த மலையில் 2000 நவம்பர் 11 அன்று சுரங்க ரயில் தீப்பிடித்து 155 பேர் இறந்தார்கள். கீழ் நிலையத்தின் அருகே நினைவிடம் இருக்கிறது. சத்தம் போடாமல் கடந்து செல்லுங்கள்.

காப்ருனின் மேல் அணைகள்: சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் பாலாய்க் கலங்கிய பச்சை நீர். அணைத் திட்டத்தின் தொடக்க வேலைகளில் நாஜி ஆட்சி கட்டாயத் தொழிலாளர்களை வதைத்தது. திட்டம் முடிந்தது 1955-இல். அழகைப் பார்க்கும்போது இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

க்ராஸ்க்ளாக்னர் மலைச்சாலை: 1935-இல் திறந்தது, 48 கிலோமீட்டர், 36 கொண்டை ஊசி வளைவு. 3,798 மீட்டர் உயரமுள்ள ஆஸ்திரியாவின் உச்ச சிகரத்தையும், ஆண்டுதோறும் சுருங்கிக்கொண்டே போகும் பாஸ்டெர்ஸே பனியாற்றையும் அங்கிருந்து பார்க்கலாம். மே முதல் நவம்பர் தொடக்கம் வரைதான் திறந்திருக்கும், கட்டணம் உண்டு. லுஹர் வக்து வழியில்தான் வரும். முசல்லா, ஒளுவுக்குத் தண்ணீர் இரண்டையும் காரில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் மீந்தால் க்ரிம்மல் அருவி. மூன்று அடுக்காக 380 மீட்டர் விழுகிறது.

நாய் விஷயம்?

ரயிலிலும் உணவகத்திலும் நாய்களுக்கு அனுமதி உண்டு. பக்கத்து மேசைக்கு அடியில் படுத்திருக்கும். ஷாஃபிக்காரர்கள் பதற வேண்டாம்: இரண்டு பக்கமும் காய்ந்திருந்தால் பட்டாலும் நஜீஸ் (அசுத்தம்) ஒட்டாது. ஈரம்தான் பிரச்சினை. தள்ளி இடம் கேட்டால் தருவார்கள்.

உள்ளூர்க்காரர்களுக்கு நம்மீது வருத்தம் ஏதும் உண்டா?

2014-இல் அங்கே அரபி விருந்தினர்களுக்காக ஒரு கையேடு அச்சிட்டார்கள். கடையில் பேரம் பேசாதீர்கள், தரையில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள் என்றெல்லாம் அதில் இருந்தது. அவமானப்படுத்துகிறது என்று எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றார்கள். அந்தத் தொனி தவறுதான். ஆனால் ஏரிக்கரைப் புல்லில் அடுப்பு மூட்டுவது, குப்பையை விட்டுப் போவது, இரவு பதினொரு மணிக்கு நடுத்தெருவில் பிள்ளைகளைக் கத்த விடுவது எல்லாம் யார் செய்தாலும் எரிச்சல் தரும். ஹிஜாப் போட்ட குடும்பம் செய்தால் அது எல்லா முஸ்லிம் குடும்பத்தின் கணக்கிலும் ஏறும். அடுத்து வருபவர்களை நினைத்து நடந்துகொள்ளுங்கள்.

விசா, வழி?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். வளைகுடாவில் குடியிருப்பு அனுமதி இருந்தாலும் வேண்டும். பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு 45, அதற்குக் கீழே இலவசம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடையில் நேர்காணல் தேதி கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே போடுங்கள்.

விமானத்துக்கு சால்ஸ்புர்க் அல்லது மியூனிக். சால்ஸ்புர்க்கிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம். ரயில் நிலையம் ஏரிக்கரையிலேயே இருக்கிறது. கார் எடுத்தால் 14 வயதுக்குக் கீழே, 135 சென்டிமீட்டருக்குக் குறைவான பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம். மடியில் வைத்துக்கொண்டு போகிற பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு, கார் வாடகைக்கு எடுக்கும்போதே இருக்கையையும் கேட்டு வாங்குங்கள்.